விசாரணைக் குழு முன்னால் மகளுக்குத் துணையாக யார் போகலாம்?

கோத்தகிரி வட்டத்தில், எஸ்டேட் லைன் வீடு ஒன்றில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், கல்லூரி எதையும் இங்கே தரவில்லை. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அவர் கொழுந்து பறிக்கிறார். கணவர் இலை வண்டி ஓட்டுகிறார். மகள் மலையிலேயே உள்ள ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். செமஸ்டர் தேர்வு நாளன்று காலையில் கடும் மூடுபனி, பஸ் தாமதம். மணி அடிக்கிற நேரத்துக்கு ஓடிப்போய் உட்கார்ந்திருக்கிறாள். பையை வெளியே வைத்தவள், ஸ்வெட்டரின் உள்பாக்கெட்டில் கிடந்த செல்போனை மறந்துவிட்டாள். முக்கால் மணி நேரம் கழித்துக் கைக்குட்டை எடுக்கும்போது அது கண்காணிப்பாளர் கண்ணில் பட்டுவிட்டது. போன் அணைத்துத்தான் இருந்தது என்கிறாள். விடைத்தாளையும் போனையும் வாங்கிக்கொண்டு, வேறோர் அறையில் உட்காரவைத்து, "தேர்வு நேரத்தில் செல்போன் பயன்படுத்தினேன், மன்னிக்கவும், இனி இப்படிச் செய்யமாட்டேன்" என்று சொல்லச் சொல்ல எழுதவைத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பிறகு, ஒழுங்கு நடவடிக்கைக் குழு முன் பெற்றோருடன் ஆஜராகும்படி ஒரு வரி மெமோ வந்திருக்கிறது. அலுவலகத்தில் ஒருவர், "விசாரணையெல்லாம் எதற்கு? டிசி வாங்கிக்கொண்டு போய்விடுங்கள், பேர் கெடாது" என்று சொன்னாராம்.

அந்தத் தாயின் கேள்விகள் இவை. வக்கீல் வைத்தால் உள்ளே விடுவார்களா? வார்டு கவுன்சிலரைக் கூட்டிப் போனால் நல்லதா? மகள்தான் எழுதிக் கொடுத்துவிட்டாளே, இனிமேல் பேச என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டுக்காரர் புதுச் சட்டம் வந்திருக்கிறது, ஜெயில் என்கிறாரே, உண்மையா? கடைசியாக ஒன்று: "எனக்கு இங்கிலீஷ் வராது. நான் போய் உட்கார்ந்தால் அவளுக்கு நல்லதா, கெட்டதா?"

அம்மா, உங்களை அதிகமாகப் பயமுறுத்தியிருக்கும் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் சட்டம் 2024-இல் மத்திய அரசு கொண்டுவந்த பொதுத் தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டம். யு.பி.எஸ்.சி., ரயில்வே, தேசியத் தேர்வு முகமை (என்.டி.ஏ.) நடத்தும் தேர்வுகள் போன்றவற்றில் கேள்வித்தாளைக் கசியவிடும் கும்பல்களைக் குறிவைத்து வந்தது அது. கல்லூரி செமஸ்டர் தேர்வு அதில் வராது. உங்கள் மகள் மீது இப்போது நடப்பது கல்லூரியின் உள் விசாரணை. அது நீதிமன்றமும் இல்லை, காவல் நிலையமும் இல்லை. அதற்காக இது சின்ன விஷயம் என்றும் சொல்லமாட்டேன். ஒரு பேப்பர் ரத்தாவது முதல், அந்த செமஸ்டர் முழுவதும் ரத்தாவது, சில செமஸ்டர்களுக்குத் தேர்வு எழுதத் தடை என்பது வரை தண்டனை போகலாம். எது வரும் என்பதைப் பெரும்பாலும் விசாரணைக்கு முந்தைய சில நாட்களில் நீங்கள் செய்யும் வேலைதான் முடிவு செய்யும்.

அந்த வேலையில் முதலாவது, மகளிடம் தனியாக உட்கார்ந்து கேட்பது. திட்டாமல், அழாமல் கேளுங்கள். போனைத் திறந்தாயா? எதையாவது பார்த்தாயா? இல்லை என்றால் அந்த ஒரே உண்மையைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளலாம். ஆமாம் என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடட்டும். அப்படி என்றால் பேசவேண்டியது வேறு: ஒப்புக்கொண்டு, முதல் தடவை என்பதையும் குடும்ப நிலையையும் சொல்லி, தண்டனையைக் குறைக்கக் கேட்பது. எந்த வழக்கறிஞரும் மாணவரிடம் பொய் சொல்லச் சொல்லக் கூடாது. இந்த மாதிரி விசாரணையில் பொய் ஒன்று பிடிபட்டால் மீதிச் சொன்ன உண்மையும் எடுபடாது. கீழே நான் எழுதுவது, மகள் உங்களிடம் சொன்னதுதான் நடந்தது என்று வைத்துக்கொண்டு எழுதுவது.

வக்கீல் உள்ளே வரலாமா?

கல்லூரி விசாரணைக் குழு முன்னால் வழக்கறிஞரோடு ஆஜராகும் உரிமை பொதுவாக யாருக்கும் கிடையாது. கல்லூரியின் அல்லது பல்கலைக்கழகத்தின் விதியில் அப்படி இடம் இருந்தால் உண்டு. இல்லையென்றால் குழு விரும்பினால் அனுமதிக்கலாம், மறுக்கவும் செய்யலாம். வேலை சம்பந்தப்பட்ட உள் விசாரணை வழக்குகளில் உச்ச நீதிமன்றம் ஒரு விலக்கு சொல்லியிருக்கிறது: குற்றம் சாட்டும் தரப்பு சட்டம் படித்தவரை வைத்து வாதாடினால், எதிரில் நிற்பவருக்கும் அந்த உதவியை மறுப்பது நியாயமாகாது. பம்பாய் துறைமுக வழக்கிலும், ஹரியானா விதை நிறுவன வழக்கிலும் இதைக் காணலாம். உங்கள் மகளின் குழுவில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உட்காரப்போகிறார் என்று தெரிந்தால் இந்த வாதத்தைக் கடிதத்தில் எழுதலாம். பேராசிரியர்கள் மட்டுமே இருந்தால் இதை இழுக்காதீர்கள், எடுபடாது.

ஆனால், தன் தரப்பைச் சொல்லும் உரிமை உங்கள் மகளுக்கு நிச்சயம் உண்டு. 1962-லேயே உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் இன்டர்மீடியட் தேர்வில் முறைகேடு என்று சொல்லி, மாணவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே முடிவுகளை ரத்து செய்தது தேர்வு வாரியம். ஒரு மாணவரின் எதிர்காலத்தைப் பாதிக்கும் முடிவை எடுக்கும் முன் அவர் தரப்பைக் கேட்டே ஆகவேண்டும் என்று கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கில் நீதிமன்றம் சொன்னது. குற்றச்சாட்டு என்ன, எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது. ஆகவே அதைத் தெரிந்துகொள்வதும் இந்த உரிமைக்குள் அடங்கும்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 1973-இல் ராஞ்சி மருத்துவக் கல்லூரி வழக்கு ஒன்றில், மாணவர் விசாரணையில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு எல்லாச் சமயத்திலும் கட்டாயம் இல்லை என்று அதே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேர்வு முறைகேடு என்றால், கிரிமினல் வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்பதும் இல்லை; நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தாலே குழு முடிவு எடுக்கலாம். "நிரூபிக்கட்டும் பார்க்கலாம்" என்று சும்மா இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இதே மாதிரிச் சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்காக ஒரு குறிப்பு. எல்லாக் கல்லூரிக் குழுவும் ஒன்று இல்லை. பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் உள் புகார்க் குழு முன் இரு தரப்புமே வழக்கறிஞரைக் கொண்டுவரக் கூடாது என்று 2013-ஆம் ஆண்டின் விதியே சொல்கிறது. ராகிங் என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2009 ஒழுங்குமுறைப்படி தனிக் குழு உண்டு. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் அந்தக் குழு தரும் ஆணைக்கு மேல்முறையீடு துணைவேந்தரிடம். அதில் போலீஸ் வழக்கும் சேர்ந்து வரக்கூடும். அப்போது முதல் நாளே வழக்கறிஞர் வேண்டும்.

துணைக்கு யார்?

உங்களுக்கு இப்போது தேவை, மகளோடு நான்கைந்து மாலை உட்கார்ந்து கடிதங்களைத் தயார் செய்து, கேள்வி கேட்டுப் பழக்கி, விசாரணை நாளில் முடிந்தால் கூட உட்கார்ந்து குறிப்பு எடுக்கும் ஒருவர். துணைக்கு வருபவரின் உழைப்பில் பெரும்பகுதி அந்த அறைக்குள் நுழைவதற்கு முன்பே முடிந்துவிடும். உள்ளே பேசவேண்டியவள் உங்கள் மகள். அவளுக்குப் பதினெட்டு வயது தாண்டிவிட்டது. குழுவும் அவள் வாயால் கேட்கத்தான் விரும்பும். துணைக்கு வந்தவர் முந்திக்கொண்டு பேசினால், இந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்ற எண்ணம்தான் எழும்.

அவள் நம்பும் ஆசிரியர் ஒருவர் அதே கல்லூரியில் இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். வகுப்பு டியூட்டரோ மென்டரோ என்றால் இன்னும் நல்லது. இரண்டு வருடமாக அவள் எப்படிப் படிக்கிறாள், எப்படி நடந்துகொள்கிறாள் என்று அவரால் சொல்ல முடியும். முடிந்தால் அதை எழுதியும் தரட்டும். அவர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள், அவருடைய வேலையும் அங்கேதான். உங்கள் ஊரில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஆங்கிலக் கடிதத்தைப் படித்து விளக்கக்கூடிய பட்டதாரி, எஸ்டேட் தொழிற்சங்கத்தில் விசாரணைகளைப் பார்த்துப் பழகியவர் என யாராவது நிச்சயம் இருப்பார்கள். தொழிற்சங்கத்துக்காரருக்கு மெமோவும் விளக்கமும் விசாரணையும் அன்றாட வேலை.

கவுன்சிலரைக் கூட்டிப் போக வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அரசியல் ஆள் வந்து உட்கார்ந்ததுமே, பேச்சு உங்கள் மகளை விட்டுவிட்டு யாருக்கு யார் பணிவது என்ற இடத்துக்குப் போய்விடும். விட்டுக்கொடுக்க நினைத்த பேராசிரியர்கூட அப்புறம் விறைத்துக்கொள்வார்.

வழக்கறிஞரின் ஆலோசனைக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. நீலகிரி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஊட்டியில் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். மகளே கூப்பிடட்டும், மெமோவின் நகலோடு அவளே நேரில் போகட்டும். அங்கே கிடைக்கும் வழக்கறிஞர் விசாரணை அறைக்குள் வராவிட்டாலும், கடிதங்களைச் சரிபார்த்துத் தர முடியும்.

துணைக்கு ஒருவரை உள்ளே அனுமதிக்கும்படி இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். சண்டைக் கடிதம் வேண்டாம். இப்படி நான்கு வரி போதும்: "நான் என் குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரியில் படிப்பவள். என் பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாது. விசாரணையின்போது எனக்குத் துணையாக இன்னாரை உடன் இருக்க அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் எனக்குப் பதிலாகப் பேசமாட்டார்; குறிப்பு எடுப்பதற்கும் என் பெற்றோருக்கு நடப்பதை விளக்குவதற்கும் மட்டுமே வருகிறார்." இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், கல்லூரி மின்னஞ்சலுக்கும் போடுங்கள். அவர்கள் மறுத்தாலும், கேட்டதற்கு ஆதாரம் உங்கள் கையில் இருக்கும்.

எழுதிக் கொடுத்த கடிதம்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது இந்த இடம்தான். பயந்துபோன பத்தொன்பது வயதுப் பெண்ணைத் தனி அறையில் உட்காரவைத்து, நடக்காததையும் சேர்த்து எழுதவைப்பது தவறு. பல கல்லூரிகளில் இது பழக்கமாகவே ஆகிவிட்டது என்பதால் அது சரியாகிவிடாது.

அந்தக் கடிதம் அவர்களிடம் இருக்கும். முதல் ஆதாரமாக அதைத்தான் எடுத்து வைப்பார்கள். அதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எந்தச் சூழ்நிலையில், யார் சொல்ல எழுதினாள் என்பதை உடனே எழுத்தில் பதிவு செய்தால், அந்தக் கடிதத்தின் எடை குறையும். விசாரணை நாளில் திடீரென்று "மிரட்டி வாங்கினார்கள்" என்றால் யாரும் நம்பமாட்டார்கள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். ஆகவே இந்த விளக்கம் நாளை காலையே போக வேண்டும்.

அதில் கோபம் வேண்டாம், நேரம் வேண்டும். பஸ் எத்தனை மணிக்கு வந்தது, கல்லூரி வாசலுக்கு எத்தனை மணிக்குப் போனாள், பை எங்கே வைத்தாள், போன் கண்டெடுத்தபோது எந்தக் கேள்விக்கு விடை எழுதிக்கொண்டிருந்தாள், அந்த அறையில் யார் யார் இருந்தார்கள், முதலில் அவள் என்ன சொன்னாள், பிறகு என்ன எழுதச் சொன்னார்கள். பஸ்ஸில் கூட வந்த பிள்ளைகள் இருப்பார்கள்; பக்கத்து பெஞ்சில் எழுதிய பெண் இருப்பாள். அவர்கள் விரும்பினால், பார்த்ததை மட்டும் இரண்டு வரி எழுதித் தரட்டும். "சொன்ன வாசகத்தைப் பதற்றத்தில் எழுதினேன். போன் என்னிடம் இருந்தது உண்மை. அதைப் பயன்படுத்தவில்லை" என்று முடிக்கட்டும்.

போன் இருந்ததை மறுக்கவே வேண்டாம். ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். போன் கொண்டுவரக் கூடாது என்று பெரும்பாலும் அச்சடித்தே இருக்கும். அணைத்திருந்தாலும் கையில் வைத்திருந்ததே மால்பிராக்டிஸ், அதாவது தேர்வு முறைகேடு என்று பல பல்கலைக்கழக விதிகள் சொல்கின்றன. ஆனால் அதே விதிகளில், வைத்திருந்ததற்கு ஒரு தண்டனை, பார்த்து எழுதியதற்கு அதைவிடக் கடுமையான தண்டனை என்று படிப்படியாகப் பட்டியல் இருப்பது வழக்கம். உங்கள் மகளின் முழு வாதமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது. முதல் படியில் நின்றால் அனேகமாக ஒரு பேப்பர் போகும், அரியர் விழும், அடுத்த வாய்ப்பில் எழுதிக்கொள்ளலாம். இரண்டாவது படிக்குத் தள்ளினால் ஒரு வருடமே போய்விடலாம்.

ஆகவே அந்த விதிப் பட்டியல் உங்கள் கைக்கு வர வேண்டும். இங்கே ஒன்றை விசாரியுங்கள்: உங்கள் மகளின் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரியா, இல்லையா? நீலகிரியில் உள்ள கலை அறிவியல் கல்லூரிகள் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. தன்னாட்சி என்றால் கல்லூரியின் சொந்தத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் சொந்த விதிகளும் இருக்கும். இல்லையென்றால் தேர்வு பல்கலைக்கழகத்துடையது. அப்போது தேர்வு முறைகேட்டுக்குத் தண்டனை சொல்லும் அதிகாரம் கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு உண்டா என்பதே ஒரு கேள்வி. உங்களுக்கு வந்த ஒரு வரி மெமோவில் குற்றச்சாட்டும் இல்லை, விதி எண்ணும் இல்லை. இரண்டையும் எழுதிக் கேளுங்கள்.

கூடவே கேட்க வேண்டியவை: கண்காணிப்பாளர் எழுதிய அறிக்கையின் நகல், போனைக் கைப்பற்றியபோது எழுதிய குறிப்பு (போன் அணைந்திருந்ததா என்பது அதில் இருக்க வேண்டும்), அந்த அறையின் இருக்கை வரைபடம், வாங்கிவைத்த விடைத்தாளைப் பார்க்க அனுமதி. தேர்வறையில் கேமரா இருந்தால், அந்த நாளின் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி இன்றைக்கே எழுதிக் கொடுங்கள். பல இடங்களில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு தானாக ஏறிவிடும். பிறகு கேட்டால் இல்லை என்பார்கள், அது பொய்யாகவும் இருக்காது. கல்லூரி அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் மனு போடலாம். பதில் வர 30 நாள் வரை ஆகலாம் என்பதால் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

போன் திரும்ப வந்துவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால் அதில் எதையும் அழிக்க வேண்டாம், ஒரு மெசேஜைக்கூட. குழு போனைப் பார்க்கக் கேட்டால், தேர்வு நேரத்தில் எதுவும் திறக்கப்படவில்லை என்பதைக் காட்டும் அளவுக்கு, அவள் முன்னாலேயே பார்க்கட்டும். சொந்தப் படங்களையும் பேச்சுகளையும் புரட்ட அனுமதி கொடுக்க வேண்டியதில்லை. அதை அமைதியாகச் சொல்லலாம்.

அந்த நாளில்

நீங்கள் கட்டாயம் போங்கள், அம்மா. மெமோவே பெற்றோருடன் வரச் சொல்கிறது. இங்கிலீஷ் வராதது குறையே இல்லை. "தமிழில் பேசுங்கள், எனக்கும் புரிய வேண்டும்" என்று உள்ளே போனதுமே சொல்லிவிடுங்கள். குழுவில் இருப்பவர்களுக்கும் வீட்டில் தமிழோ படுகு மொழியோதான். இதில் அவர்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை. மகள் தமிழிலேயே பதில் சொல்லலாம்.

கையெழுத்து விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். ஆங்கிலத்தில் எழுதிய எந்தத் தாளிலும், யாராவது படித்துத் தமிழில் சொல்லி, அவள் சொன்னதுதான் அதில் இருக்கிறது என்று உறுதியாகும் வரை நீங்களும் போட வேண்டாம், அவளும் போட வேண்டாம். தவறாக இருந்தால் கையெழுத்துக்கு மேலே, "இந்தப் பகுதி நான் சொன்னது இல்லை" என்று அவள் கைப்பட எழுதிவிட்டுப் போடலாம். ஒருமுறை பயத்தில் போட்ட கையெழுத்துத்தான் உங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறது.

முந்தைய நாள் இரவு யாராவது அவளை எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கட்டும், கடுமையாகவே கேட்கட்டும். "எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது மாற்றுகிறாயே?" "மறந்துவிட்டேன் என்றுதானே எல்லாரும் சொல்வார்கள்?" இவற்றுக்கு அவள் அழாமல், நீட்டாமல், இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லப் பழகிவிட்டால் போதும். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லலாம். வீட்டுக்கு வந்ததும், என்ன கேட்டார்கள், என்ன சொன்னாள், யார் இருந்தார்கள் என்று அன்றைக்கே எழுதி, அதை ஒரு கடிதமாகக் குழுத் தலைவருக்கு அனுப்பிவிடுங்கள்.

டிசி வாங்கிக்கொள்ளச் சொல்பவரிடம் பணிவாகவே வேண்டாம் என்று சொல்லுங்கள். பேர் கெடாது என்பது காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்களாகவே விலகிவிட்டால் விசாரணையும் இல்லை, ஆணையும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. நடுவில் விலகிய பெண்ணுக்கு இரண்டாம் ஆண்டில் வேறு கல்லூரியில் இடம் கிடைப்பதும் கடினம். அவள் அரசுப் பள்ளியில் படித்துப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வாங்குகிறாள் என்றால், படிப்பு நின்றதும் அதுவும் நின்றுவிடும். இடைநீக்கம் என்று எழுத்தில் தராதவரை அவள் தினமும் வகுப்புக்குப் போகட்டும். வருகைப் பதிவு குறைந்தால் அது தனிச் சிக்கலாகிவிடும்.

அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, இரவில் தூங்குவதில்லை என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை விட்டுவிடாதீர்கள். ஒரு பரீட்சைக்காக உன்னை இழக்க நாங்கள் தயாராக இல்லை என்று நீங்களும் அப்பாவும் அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவளுக்கே தெரியும் என்று இருந்துவிட வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனைக்கும் கூட்டிப் போங்கள்.

ஆணை வந்த பிறகு

ஆணையை எழுத்தில், காரணத்தோடு கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால், "ஆணையின் நகல் வேண்டும்" என்று அன்றைக்கே மனு கொடுங்கள். வைத்திருந்ததற்கான சிறிய தண்டனை என்றால், என் யோசனை அதை ஏற்றுக்கொண்டு அரியரை எழுதி முடிப்பதுதான். அதை எதிர்த்துப் போராடுவதில் போகும் காலம், தண்டனையைவிடப் பெரிய இழப்பாகலாம்.

ஆணை கடுமையாக இருந்தால், முதலில் அந்தக் கல்லூரி அல்லது பல்கலைக்கழக விதியில் சொன்ன மேல்முறையீடு. விதியை மீறி விசாரித்தார்கள், ஆவணம் தரவில்லை, சான்றிதழை நிறுத்திவைத்தார்கள் என்பது போன்ற குறைகளுக்கு யு.ஜி.சி.யின் 2023 மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறை இருக்கிறது. அதன்படி கல்லூரியில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அது 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அந்த முடிவு திருப்தி தராவிட்டால், கிடைத்த நாளில் இருந்து 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இணைந்த கல்லூரி மாணவர்களுக்கும் அவரே குறைதீர்ப்பாளர். ஒழுங்கு நடவடிக்கைக் குழு முன் கிடைக்காத ஒரு வசதி இங்கே எழுத்திலேயே இருக்கிறது: மாணவி நேரில் வரலாம், அல்லது தன் தரப்பை எடுத்துச் சொல்ல ஒருவரை அதிகாரப்படுத்தி அனுப்பலாம். நல்ல துணை ஒருவர் உங்களுக்குக் கிடைத்திருந்தால், வாய் திறந்து அவர் பேச வேண்டிய இடம் இதுதான். பொய்ப் புகார் என்று தெரிந்தால் நடவடிக்கைக்கும் அதில் வழி உண்டு. ஆகவே ஆதாரம் உள்ளதை மட்டும் எழுதுங்கள்.

அதற்கும் மேல், அந்த ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். நீலகிரிக்குச் சென்னை; கொடைக்கானல் பக்கம் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு மதுரைக் கிளை. மாணவரைக் கேட்கவே இல்லை, விதியில் இல்லாத தண்டனை, குற்றத்துக்குச் சற்றும் பொருந்தாத தண்டனை என்றால் நீதிமன்றம் தலையிடும். ஆதாரத்தை மறுபடி எடைபோட்டுத் தீர்ப்பு சொல்ல அது பொதுவாக முன்வராது. தாமதித்தால் அந்த வாய்ப்பும் குறையும். போவது என்று முடிவு செய்தால், ஆணை கிடைத்த வாரத்திலேயே ஊட்டி ஆணைக்குழு அலுவலகத்தில் சொல்லுங்கள். உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழு வழியாக இலவச வழக்கறிஞர் கிடைக்க ஏற்பாடு செய்வார்கள். போகும்போது மெமோ, நீங்கள் கொடுத்த ஒவ்வொரு கடிதத்தின் முத்திரையிட்ட பிரதி, ஹால் டிக்கெட், ஆணை நகல் இவை எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் வைத்து எடுத்துக்கொண்டு போங்கள்.